டப்பாவுக்குள்ள ரெண்டு கல்கண்டு

கல்கண்டுதான். உப்புக்கல்லோன்னு ஒரு சந்தேகத்துல நாக்கு நுனியில வெச்சுப் பாத்தேன், இனிக்குது. ரெண்டே ரெண்டு. கழுவித் தொடச்ச டிபன் பாக்ஸோட அடியில, யாரோ எண்ணி வெச்ச மாதிரி. இவரு, என் வீட்டுக்காரரு, இப்பத்தான் பையை நாற்காலியில போட்டுட்டு "கசகசங்குது மங்கை, ரெண்டு சொம்பு ஊத்திட்டு வந்துர்றேன்"னுட்டு குளிக்கப் போனாரு. பக்கெட்டுல தண்ணி விழுற சத்தம் கேக்குது. நான் இங்க தொட்டிகிட்ட டப்பாவக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்க வீட்டுல கல்கண்டு கெடையாது. பதினோரு வாரமாச் சக்கரையே கெடையாது. டாக்டரு இவரு வயித்தத் தட்டிப் பாத்துட்டு, "ஈரல்ல கொழுப்பு சேந்திருக்கு, சுகர் எல்லையில நிக்குது, மொதல்ல இந்தத் தொப்பை போகணும், கடைத் தீனி நிக்கணும்"னு சொன்ன அன்னைக்கே சக்கரை டப்பாவக் கொண்டுபோய்க் கீழ் வீட்டுல குடுத்துட்டேன். மைதா போச்சு, சேமியா போச்சு, ஊறுகாய் எண்ணெய் கூடப் போச்சு. அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு? ஆபீஸ்ல பூஜையா? அது வெள்ளிக்கிழமைதான, இன்னைக்கு வியாழன். எவனுக்காவது புள்ள பொறந்து குடுத்திருந்தா அங்கயே வாயில போட்டுக்கிட்டிருப்பாரே. தின்னுற பண்டத்தப் பத்திரப்படுத்துற ஆளா இவரு? கல்யாணத்துல குடுக்கிற தாம்பூலப் பையில இருக்கற தேங்காயத் தவிர மிச்சமெல்லாம் பஸ்சுலயே முடிஞ்சிரும். இது அவரு போட்டது இல்ல. வேற கை போட்டது. எந்தக் கைன்னுதான் தெரியணும்.

கழுவின டப்பா. இத்தன நாளா அதுல எனக்கு என்னா பெருமை. இருபத்திரெண்டு வருஷமா சாம்பார் காஞ்சு ஒட்டி, தண்ணி ஊத்தி ஊற வெச்சுச் சொரண்ட வேண்டியதா வந்த டப்பா, சாப்பாட்ட மாத்தின ரெண்டாவது வாரத்துலேர்ந்து பளபளன்னு வர ஆரம்பிச்சுது. என்னங்க இதுன்னேன். "உனக்கு எதுக்கு வேலைன்னு நானே கழுவிட்டேன்"னாரு. நம்பிட்டேன், லூசு மாதிரி நம்பிட்டேன். கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இருக்கற மககிட்ட போன்ல சொன்னேன், உங்கப்பா திருந்திட்டாருடி, டப்பாவெல்லாம் கழுவுறாருன்னு. "அப்பாவா? டப்பாவா? போட்டோ எடுத்து அனுப்பும்மா"ன்னு அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்க வேணாம்? ஆம்பள கழுவின டப்பான்னா மூடிய ஒட்டித் தண்ணி நிக்கும், பையெல்லாம் ஈரமா இருக்கும். இது துணி வெச்சுத் தொடச்சு, ரப்பர் வளையத்தக் கழட்டி அடியில இருக்கற அழுக்க எடுத்து, திருப்பி மாட்டின டப்பா. ரப்பரக் கழட்டணும்னு இவருக்குத் தெரியுமா? அது கழலும்னே தெரியாது. குளிக்கிற ரூம்புல சொம்பு தரையில உருளுது. பாட்டு வேற, ஹும் ஹும்னு. பாடுங்க, பாடுங்க.

பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோம் நாங்க. கீழ் வீட்டம்மா கொழுக்கட்டை குடுத்து விட்டா, தட்டக் கழுவி, ஒரு புடி அரிசியோ ஒரு எலுமிச்சம்பழமோ, ஒண்ணும் இல்லைன்னா ஒரு ஸ்பூன் சக்கரையோ போட்டுத்தான் திருப்பிக் குடுப்பேன். அவங்களும் அப்படித்தான். அடுத்த வீட்டுப் பாத்திரம் வெறும்பாத்திரமா வாசப்படி தாண்டக் கூடாது. இது பொம்பளைங்களுக்குள்ள இருக்கற கணக்கு, எந்த ஆம்பளைக்கும் தெரியாது. அப்ப இது ஒரு பொம்பள. ஒருத்தி என் டப்பாவுல சாப்பிட்டிருக்கா. சாப்பிட்டு, கழுவி, தொடச்சு, முறையா ரெண்டு கல்கண்டு போட்டு மூடி அனுப்பியிருக்கா. அட கருமமே. போன மாசம் ஒரு எலுமிச்சம்பழம் இருந்துச்சே! டீக்கடையில லெமன் டீக்கு வாங்கினது மிச்சமாயிருக்கும்னு எடுத்து ஃப்ரிட்ஜுல வெச்சேன், மறுநாள் ரசத்துல புழிஞ்சு இவருக்கே ஊத்தினேன். அதுக்கு முந்தி ரெண்டு ஏலக்காய். நான் செஞ்ச வரகுப் பொங்கல்லேர்ந்து விழுந்ததுன்னு நெனச்சேன். பொங்கல்ல நான் என்னைக்கு ஏலக்காய் போட்டேன்? அப்புறம் ஒரு நாள் சுண்டுவெரல் தண்டிக்கு வெல்லம், அதுல எறும்பு. எறும்பத் தட்டிட்டு வெல்லத்த வீசினேன், ஒரு நிமிஷம் யோசிக்கல. ஒருத்தி என் கண்ணு முன்னாடி வந்து வந்து கதவத் தட்டியிருக்கா, நான் எறும்பத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

எவ அவ? எதுக்கு எவ அவன்னு கேக்குறேன், தெரியாத மாதிரி? செவ்வாய்ப்பேட்டை லாரி பார்சல் ஆபீஸ்ல மொத்தமே ஏழு பேரு, அதுல ஆறு பேரு மீசை. ஏழாவது ஹேமாவதி. தை மாசம் புக்கிங் கவுன்டர்ல வந்து சேந்தவ. அவ வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு தடவதான் வருவாராம். இவரு வாயில அவ ஹேமா மேடம். "ஹேமா மேடம் சொன்னாங்க, கேப்பைக்களிய அவங்க ஊருல கீரைக் கொழம்போடதான் சாப்பிடுவாங்களாம்." நான் அன்னைக்கே கீரைக் கொழம்பு வெச்சேன்! அவ சொன்னான்னு நான் வெச்சிருக்கேன், அத அவளே தின்னிருக்கா. ஐயோ, வயிறு எரியுதே. என்னை மேடம்னு வேணாம், என் சமையல ஒரு நாளாவது வாயத் தெறந்து நல்லாருக்குன்னு சொல்லியிருக்காரா? தட்டு காலியாச்சுன்னா நல்லாருக்குன்னு நானே எடுத்துக்கணும். அவளும் வந்தாளே, ரெண்டு வாரம் முன்னாடி, இதே வீட்டுக்கு! எங்க ஆபீஸ்ல ஒருத்தவங்களுக்கு ஜாக்கெட்டு சரி பண்ணணுமாம்னு இவருதான் அனுப்பி வெச்சாரு. நாலு ஜாக்கெட்டு. எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுக்கா, ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுங்கன்னா. பழைய தையல் முப்பத்தாறு. நான் டேப்பப் போட்டு அளந்தா முப்பத்திமூணு. என் கையால அளந்தேன். மூணு இஞ்சாம்மா, எப்படி எளைச்சேன்னு கேட்டேன். அவ என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "எல்லாம் உங்க புண்ணியம்தான்க்கா"ன்னா. நான் என் தையலத்தான் சொல்றான்னு நெனச்சு, அதுக்கென்னம்மா, நம்ம வேலைதானன்னேன். குளுந்துபோயி காப்பி வேற போட்டுக் குடுத்தேன், சக்கரை இல்லாம. அதையும் நல்லாருக்குன்னு குடிச்சா பாவி.

நாலரை மணிக்கு எந்திரிக்கிறேன். களி கிண்டி, கொள்ளு ஊற வெச்சு, வாழைத்தண்ட வட்ட வட்டமா அரிஞ்சு வெரல்ல நார் சுத்திச் சுத்தி எடுத்து, மோருல போட்டு. அந்த நாரு வெரல் இடுக்குல கறுப்பா கறை புடிச்சு, எங்கிட்டத் தைக்கக் குடுக்கறவங்க பட்டு ஜாக்கெட்டக் குடுக்கவே யோசிக்கிறாங்க. இவ்வளவு கிண்டிக் கிண்டி நான் கொறச்சது யாரு இடுப்ப? அவ இடுப்ப. இதவிடக் கூத்து இருக்கா? நானும்தான வாயக் கட்டினேன். எனக்கு மட்டும் நாக்கு இல்லையா? சனிக்கிழமைன்னா ரெண்டு பேரும் வண்டியில நாலு ரோட்டுக்குப் போயி, நான் தட்டுவடை செட்டு, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காயும் சட்னியும் வெச்சு, பீட்ரூட்டு தூக்கலா, இவரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில சிக்கன் ரைஸு, சில்லி பரோட்டா. அந்த வண்டிக்காரன் வாணலியத் தட்டுற சத்தத்துல பேசுறது கேக்காது, அதனால சிரிச்சுக்கிட்டு நிப்போம். எங்களுக்குன்னு இருந்த ஒரே சோலி அதுதான். அத நிறுத்தணும்னு நான் சொன்னப்ப இவரு மூஞ்சி சுருங்குச்சு. நீங்க நிறுத்தினா நானும் நிறுத்துறேன்னு சொன்னேன். பதினோரு வாரம் தட்டுவடை பக்கம் திரும்பல. கடத்தெரு வழியாப் போனாக்கூட எதிர்ப் பக்கம் நடக்குறேன், பொதினாச் சட்னி வாசனை ஆகாம. சத்தியம் பண்ணின மாதிரி இருந்தேன். இவரும் அப்படித்தான்னு நெனச்சேன்.

சட்டை. நாற்காலியில பைக்கு மேல கெடக்குது. மோந்து பாக்கலாமா? சீ, என்ன பொம்பள நான், நாப்பத்தஞ்சு வயசுல சட்டைய மோந்துக்கிட்டு. பாத்துதான் ஆகணும். தண்ணிச் சத்தம் நிக்கல, சோப்புப் போடுறாரு, நேரம் இருக்கு. பவுடரு வாசனையா, மல்லிகைப்பூவா, அவ வந்தப்ப ஒரு செண்ட்டு போட்டிருந்தாளே, ரோஜா மாதிரி, அதுவான்னு தோள்பட்டையில மூக்க வெச்சேன். வேர்வைதான். காலர்ல வேர்வை. நெஞ்சுப் பக்கம் பேனா மை. கைக்கிட்ட வந்தேன், வலது கை மடிப்புகிட்ட, அங்கதான் இருந்துச்சு. எனக்கு அந்த வாசனையக் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லத் தெரியும். சோயா சாஸ். அதோட வினிகரு, கருகின முட்டகோஸு, மொளகாத் தூளு. மடிப்பப் பிரிச்சா செவப்பா ஒரு பொட்டு, எண்ணெய்ப் பிசுக்கு கூடப் போகல. அப்பாடான்னு ஒரு கணம் மூச்சு வந்துச்சு, செண்ட்டு இல்லைன்னு. அடுத்த கணமே அத விட மோசமானது புரிஞ்சுது. என் சோத்த அவளுக்குக் குடுத்துட்டு இவரு போயி வண்டியில நிக்கிறாரு. தினம் நிக்கிறாரு. நான் இல்லாம, வாணலிச் சத்தத்துக்கு நடுவுல, தனியா நின்னு திங்கிறாரு. பொம்பளையா இருந்தாக்கூட அவ சங்கதிய நான் பாத்துக்குவேன். வண்டிகிட்ட நான் எப்படிப் போயி சண்டை போடுறது?

அதான் டேப்பு அசையல. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம குளிச்சிட்டு வந்ததும் தொப்புளுக்கு நேரா டேப்பச் சுத்தி அளக்கறேன். மொத வாரம் நாப்பத்திமூணு. அடுத்த வாரம் நாப்பத்திரெண்டரை, ரெண்டு பேரும் கையக் குலுக்கிக்கிட்டோம். அதுக்கப்புறம் அதேதான். பிறகு மறுபடி நாப்பத்திமூணு. டேப்பு பழசு, நைஞ்சுபோயி நீண்டிருக்கும்னு புதுசு வாங்கினேன். புதுசுலயும் அதே நம்பரு. "மூச்ச உள்ள இழுக்காதீங்க"ன்னு நான் சொல்ல, "இழுக்கலடி"ன்னு அவரு சொல்ல, மூச்ச இழுத்தும் நாப்பத்திமூணு. சில ஒடம்பு அப்படித்தான், மெதுவாத்தான் கொறையும்னு நான் சமாதானம் சொன்னேனே, அப்ப அந்த மனுஷன் எப்படித் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. வெக்கம்னு நெனச்சேன். அது திருட்டு முழி. எனக்கு இப்ப ஞாபகம் வர்றது வேற. வேணாம், அத நெனக்க வேணாம். இவங்கண்ணன். இதே வயிறு, இதே நடை. நாப்பத்தொம்போது வயசு. பரோட்டாப் பொட்டலம் வாங்கிட்டு வந்து, பிரிக்காமலே சோபாவுல சாஞ்சவரு, எந்திரிக்கவே இல்ல. ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முந்தி வெள்ளச் சட்டை போடணும்னாங்க, கல்யாணத்துக்கு எடுத்த சட்டை, பட்டன் சேரல. நாலு பேரு இழுத்துப் பாத்தாங்க, சேரல. அப்புறம் யாரோ, மங்கையக் கூப்புடுங்க, அவதான் தையக்காரின்னாங்க. நான்தான் கத்தரி எடுத்துட்டு வந்தேன். முதுகுப் பக்கம் காலர்லேர்ந்து அடி வரைக்கும் நெட்டுக்கு வெட்டி, ரெண்டு கையா மாட்டிவிட்டு, முன்னாடி பட்டன் போட்டேன். முன்னாடி பாத்தா மாப்பிள்ள மாதிரி இருந்தாரு. அந்தத் துணி வெட்டுப்படுற சத்தம் இன்னும் காதுல இருக்கு. இவருக்கு வர்ற ஆவணியில நாப்பத்தொம்போது. நான் இன்னொரு சட்டைய வெட்ட மாட்டேன். எவ கூப்பிட்டாலும் வெட்ட மாட்டேன்.

தண்ணி நின்னுருச்சு. தாப்பாள். இடுப்புல துண்டோட வர்றாரு, தலையிலேர்ந்து சொட்டுது, சோப்பு வாசனை, அந்த வயித்துல தண்ணி முத்து முத்தா நிக்குது. எத்தன தடவை அதுல தலை வெச்சுப் படுத்திருப்பேன், சனியன் புடிச்ச வயிறு. "என்ன அப்படிப் பாக்குற?"ன்னாரு. தையல் மிஷின் மேலேர்ந்து டேப்ப எடுத்தேன். கையத் தூக்குங்கன்னேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"தூக்குங்க."

தூக்கினாரு. சுத்தினேன். ஈரத்துல டேப்பு ஒட்டிக்கிச்சு. நாப்பத்திநாலு. ஏறியிருக்கு. நம்பர நான் சொல்லல, டேப்போட ரெண்டு நுனியையும் ஒரே கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.

"கொறஞ்சிருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"மூணு இஞ்ச் கொறஞ்சிருக்கு."

அந்த மூஞ்சியப் பாக்கணுமே. கண்ணு விரிஞ்சு, வாய் தொறந்து, "நெசமாவா மங்கை? எப்படி?"ன்னாரு. எப்படின்னு கேட்டாரு பாத்தீங்களா. ஒழுங்காச் சாப்பிட்டவன் எப்படின்னு கேப்பானா?

"உங்களுக்கில்ல. உங்க ஹேமா மேடத்துக்கு."

சொட்டுச் சொட்டாத் தரையில தண்ணி விழுந்துச்சு. அவரு பொய் சொல்லப் பாக்கல, அதுக்கு ஒரு பாராட்டு. கைய எறக்கினாரு. டப்பாவ எடுத்து அவரு மூக்குக்கு நேரா நீட்டினேன். எட்டிப் பாத்து, "என்ன இது, கல்கண்டா? இத எதுக்குப் போட்டாங்க?"ன்னாரு. நெசமாவே தெரியாத முழி. அப்ப அவ இவருக்காகப் போடல. இவருக்குத்தான் இதோட அர்த்தமே தெரியாதே. இது எனக்கு. எலுமிச்சம்பழமும் எனக்கு. எல்லாம் உங்க புண்ணியம்தான்க்கா.

"அவகிட்ட என்னன்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"நீ அவங்களுக்குன்னு குடுத்து விட்டதா சொன்னேன்." தலைய நிமுத்தல. "எனக்கு அது எறங்கல மங்கை. மொத வாரம் முழுங்கிப் பாத்தேன். அந்தக் கொள்ளும் களியும் தொண்டையிலயே நிக்குது. நாலரைக்கு எந்திரிச்சு நீ செஞ்சத குப்பைல கொட்ட மனசு வரல. அவங்க தனியாளு, தினம் பன்னு தின்னுக்கிட்டு இருந்தாங்க. அதான்."

எனக்குள்ள கேக்க வேண்டியது நூறு இருந்துச்சு. தினம் அவ பக்கத்துல உக்காருவீங்களா, அவ சிரிச்சா எப்படிச் சிரிப்பா, உங்கண்ணன் சட்டை ஞாபகம் இருக்கா. எதையோ கேக்க வாயத் தெறந்தா இதுதான் வந்துச்சு:

"சாப்பிட்டுட்டு என்ன சொன்னா?"

"யாரு?"

"அவதான். என் சாப்பாட்ட."

"ருசியா இருக்குன்னாங்க. உங்க வீட்டுக்காரம்மா கைக்கு ஒரு மணம் இருக்குன்னாங்க. தினம் சொல்வாங்க."

இருபத்திரெண்டு வருஷமா இந்த வாய்லேர்ந்து வரணும்னு காத்துக்கிட்டிருந்த வார்த்தை இந்த வாய்லேர்ந்தே வந்துச்சு, ஆனா அவ சொன்னது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அழுகையும் வந்துச்சு. டேப்ப இழுத்தேன், நல்லா இறுக்கி இழுத்தேன், "வுடு மங்கை, வலிக்குது"ன்னாரு. வலிக்கட்டும். "ஆவணி வந்தா உங்களுக்கு நாப்பத்தொம்போது. உங்கண்ணன் சட்டைய வெட்டின கத்தரி அந்த மிஷின் டிராயர்லதான் இருக்கு. எறங்கலைன்னா எறங்கலைன்னு எங்கிட்டச் சொல்லணும். எறங்குற மாதிரி நான் செய்வேன். காரமா வேணுமா, காரமாச் செய்றேன். வாணலியத் தட்டணுமா, அதையும் தட்டுறேன். நாளைக்கு ஒரு மணிக்கு நான் ஆபீஸுக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி தின்னுங்க."

தலைய ஆட்டினாரு. மூக்க உறிஞ்சுனாரு. துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சாரு, சோப்புத் தண்ணியா கண்ணீரான்னு எனக்குத் தெரியல. நல்ல மனுஷன்தான், அதுதான் பிரச்சனையே. பனியன மாட்டிக்கிட்டே, அறைக்குள்ள பாதி போனவரு, நின்னு, பயந்து பயந்து ஒரு கேள்வி கேட்டாரு.

"அப்ப... ஹேமா மேடத்துக்கு?"

எனக்கு அந்த டப்பாவ எடுத்து அவரு மண்டையில போடலாம்னு இருந்துச்சு. போடல. கல்கண்டக் கையில எடுத்துக்கிட்டு மூடிய மூடினேன்.

"ரெண்டு டப்பா கொண்டாறேன். தனியாளு, பன்னு திங்க வேணாம்." ரெண்டு கல்கண்டையும் வாயில போட்டுக் கடிச்சேன், நறநறன்னு, அவருக்குக் கேக்கற மாதிரி. "ஆனா ஒண்ணு சொல்லிடுங்க அவகிட்ட. நாளையிலேர்ந்து உங்க டப்பாவ நான் கழுவிக்கிறேன்."